ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: கம்ப்யூட்டரைப் போலவே சரி பார்ப்போமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காரைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பூட் ஆகாத கம்ப்யூட்டரையும் ஸ்டார்ட் ஆகாத காரையும் சரி பார்க்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் பவர் வருகிறதா என்று பார்க்கிறோம். பிறகு ஒவ்வொரு பகுதியாகச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கிறோம். கடைசியில் மிஞ்சுவதுதான் குற்றவாளி. இந்த வரிசையை விட்டுவிட்டு நேராக பாகத்தை மாற்றத் தொடங்கினால் பணம்தான் போகும். நான் அப்படிப் பணத்தைத் தொலைத்தவன். அந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு ஏற்காட்டைத் தாண்டி செம்மநத்தத்தில் இருக்கிறது. சுற்றிலும் காபித் தோட்டம், மிளகுக் கொடி. மார்கழியில் காலை எட்டு மணி வரை பனி விலகாது. என் அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் சேலத்தில் டயாலிசிஸ். காலை ஏழு மணி ஷிப்ட். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியாக வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்பி விடுவோம். எங்களிடம் இருப்பது 2006ஆம் ஆண்டு மாருதி 800.

கடந்த மார்கழியில் ஒரு நாள் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பும் இதே தொல்லை வந்தது. அப்போது சேலத்தில் ஒரு கடையில் ‘பேட்டரி போச்சு’ என்றார்கள். அளந்து பார்க்கச் சொல்லாமல் நானும் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். சில வாரம் ஓடியது. இப்போது மறுபடியும் அதே ‘டக்’. பின் சீட்டில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்த அப்பா, ‘விடு கண்ணு, இன்னிக்கு ஒரு நாள் போகலைன்னா என்ன’ என்றார். டயாலிசிஸை அப்படி விட முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் முறையைப் பார்த்து விடுவோம்.

முதல் கேள்வி: செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா?

‘கார் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பது ‘கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை’ என்பது போன்ற ஒரு வாக்கியம். அதை வைத்துக் கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாகப் பிரியுங்கள்.

ஒன்று, சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவே இல்லை. இது பவர் பட்டனை அழுத்தியும் ஃபேன் கூட சுற்றாத கம்ப்யூட்டர். பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் இவற்றுக்குள்தான் பிரச்சினை. பெட்ரோல், பிளக் பக்கம் போகவே வேண்டாம்.

இரண்டு, இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இது ஃபேன் சுற்றி, ஹார்ட் டிஸ்க் சத்தமும் கேட்டு, விண்டோஸ் மட்டும் வராத கம்ப்யூட்டர். பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோல், பிளக்கில் வரும் தீப்பொறி, சென்சார் இவற்றைப் பாருங்கள்.

இந்த ஒரே கேள்வியில் சந்தேகப் பட்டியல் பாதியாகி விடுகிறது.

சத்தத்தைக் கேளுங்கள்

மதர்போர்டு எழுப்பும் பீப் சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரிலும் அதே கதைதான்.

* சத்தமே இல்லை, டேஷ்போர்டு விளக்கும் எரியவில்லை: பேட்டரி முழுதாக இறங்கி விட்டது, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது, அல்லது மெயின் ஃப்யூஸ் போய்விட்டது.
* ‘டக டக டக’ என்று வேகமான சத்தம்: பேட்டரியில் சார்ஜ் குறைவு. சோலினாய்டு ஈர்க்கிறது, உடனே வோல்டேஜ் விழுகிறது, விட்டு விடுகிறது. மீண்டும் ஈர்க்கிறது.
* ‘டக்’ என்று ஒரே சத்தம்: சோலினாய்டு ஈர்த்து விட்டது. மோட்டார் சுற்றத் தேவையான கரன்ட் மட்டும் போய்ச் சேரவில்லை. கேபிள், எர்த், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.
* மெதுவாக, முக்கி முக்கிச் சுற்றுகிறது: பலவீனமான பேட்டரி அல்லது உப்புப் பூத்த டெர்மினல்.

ஹெட்லைட் சோதனை

கையில் எந்தக் கருவியும் இல்லையா? ஹெட்லைட்டைப் போடுங்கள். வெளிச்சம் சுவரில் விழட்டும். இப்போது சாவியைத் திருப்புங்கள்.

வெளிச்சம் முழுதாக மங்கினால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது அதன் டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் கொஞ்சமும் மாறாமல் எரிந்தால் அர்த்தம் வேறு. செல்ஃப் மோட்டார் இழுக்க வேண்டிய பெரிய கரன்டை அது இழுக்கவே இல்லை. வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது.

எங்கள் வண்டியில் அன்று காலை வெளிச்சம் மங்கவே இல்லை. புது பேட்டரி மேல் பழி போட முடியாது என்பது அப்போதே தெரிந்து விட்டது.

மல்டிமீட்டர் என்ன சொல்கிறது?

எஸ்எம்பிஎஸ் சரி பார்க்க வாங்கிய சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கார் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். மலையில் என்றால் சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்தாக வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6க்குக் கீழே போகக் கூடாது. போனால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி வாங்கினாலும் ஒரு வாரத்தில் அதுவும் இறங்கி விடும்.

ஏற்காட்டில் ஐரோப்பா போல உறைபனி இல்லைதான். ஆனால் ஏற்கெனவே பலவீனமான பேட்டரியைக் காட்டிக் கொடுக்க இந்தக் குளிரே போதும். குளிரில் பேட்டரியின் திறன் குறைகிறது, இன்ஜின் ஆயில் கெட்டிப்படுகிறது. வீட்டிலிருந்து கடைவீதி வரை மட்டும் ஓடித் திரும்பும் காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற நேரமும் கிடைப்பதில்லை.

வோல்டேஜ் டிராப்: பலர் செய்யாத சோதனை

இனிதான் முக்கியமான பகுதி. எங்கள் பேட்டரி 12.5 காட்டியது. அப்பாவை டிரைவர் சீட்டுக்கு வரச் சொல்லி, ‘நான் சொன்னதும் சாவியைத் திருப்புங்கப்பா’ என்றேன். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக் கொண்டு நான் பானெட்டுக்குள் குனிந்தேன். சாவியைத் திருப்பிப் பிடித்திருந்த இரண்டு மூன்று விநாடிகளில் கிடைத்த அளவுகள் இவை:

1. பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையில்: 11.6 வோல்ட்.
2. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் இடையில்: 0.3 வோல்ட்.
3. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினின் வெறும் உலோகத்துக்கும் இடையில்: 4.3 வோல்ட்.

கணக்குப் போடுங்கள். 11.6 வோல்டில் 0.3 போகும் வழியில் வீண். 4.3 திரும்பும் வழியில் வீண். செல்ஃப் மோட்டாருக்குக் கிடைத்தது 7 வோல்ட் மட்டுமே. அதை வைத்துக் கொண்டு குளிர்ந்த இன்ஜினை அது எப்படிச் சுற்றும்?

பாசிட்டிவ் பக்கம் 0.5 வோல்ட் வரையும், எர்த் பக்கம் 0.2 அல்லது 0.3 வரையும் இழப்பு இருக்கலாம். 4.3 என்பது பெரிய ஓட்டை. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடிமனான எர்த் கேபிள்தான் குற்றவாளி. இன்ஜின் பக்கம் அது போல்ட்டில் சேரும் இடம் பச்சையாக உப்புப் பூத்துக் கிடந்தது. ஹெட்லைட்டுக்கான எர்த் பாடி வழியாகத் தனியாகப் போவதால் அது மங்காமல் எரிந்திருக்கிறது.

‘கேபிளை ஓம் மோடில் வைத்து அளந்தால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. செல்ஃப் 80 ஆம்பியர் இழுத்தது என்று வைத்துக் கொண்டால், 4.3 வோல்ட் இழக்க வெறும் 0.05 ஓம் சொச்சம் போதும். நம் வீட்டு மல்டிமீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிக ரெசிஸ்டன்ஸ் உண்டு. மீட்டர் அந்தக் கேபிளை ‘நல்லது’ என்றே சொல்லும். கரன்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். லோடு இல்லாதபோது ஒழுங்காக இருந்து, கேம் ஓடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை நினைவுக்கு வருகிறதா?

புது பேட்டரி போட்ட பிறகு சில வாரம் ஓடியது ஏன்? பேட்டரியை மாற்றும்போது கேபிளை அசைத்திருக்கிறார்கள். ரேமைக் கழற்றி மாட்டியதும் கம்ப்யூட்டர் உயிர் பெறுவது போல, அந்த இணைப்பும் கொஞ்ச நாள் பிடித்துக் கொண்டது. பனியும் ஈரமும் சேர்ந்ததும் மறுபடியும் விட்டு விட்டது.

இன்னொரு விஷயம். எர்த் கேபிள் கெட்டால் கரன்ட் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகவும் திரும்ப முயலும். செல்ஃப் அடித்த பிறகு அந்தக் கேபிள்கள் சூடாக இருந்தால் எர்த்தைச் சந்தேகியுங்கள்.

ஐந்து நிமிடத் தீர்வு

டிக்கியில் ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் இருந்தது. அதில் கறுப்புக் கேபிளை மட்டும் எடுத்தேன். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜினின் தடிமனான உலோகப் பகுதியிலும் கவ்வ வைத்தேன். கெட்டுப் போன எர்த்துக்கு ஒரு பைபாஸ். அப்பா சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. கேபிளை எடுத்து விட்டுக் கிளம்பினோம். ஏழு மணி ஷிப்டுக்கு ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா உள்ளே இருந்த நேரத்தில் புது எர்த் கேபிள் வாங்கினேன். பேட்டரிக்குக் கொடுத்த பணத்தில் அது ஒரு சின்னத் துண்டுதான்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் எளிது. முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து டெர்மினலைக் கழுவித் துடையுங்கள். உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும் வரை தேயுங்கள். இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது. மோதிரம், உலோக வாட்ச் இவற்றைக் கழற்றி விடுங்கள்.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா?

இப்போது இரண்டாவது வகை. வரிசையாகப் பாருங்கள்.

பெட்ரோல்: எம்பிஎஃப்ஐ கார்களில் சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டு வந்ததும் பின்பக்கம் டேங்கிலிருந்து இரண்டு மூன்று விநாடி ‘ஙொய்’ என்று பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லையா? முதலில் ஃப்யூஸ், அடுத்து ரிலே, அதற்கும் பிறகுதான் பம்ப். ஃப்யூஸ் பாக்ஸில் அதே அளவு ரிலே வேறு இடத்தில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நல்ல ரேமை மாற்றிப் போட்டுப் பார்ப்பது போலத்தான். கார்புரேட்டர் கார் என்றால் சோக் ஒழுங்காக மூடுகிறதா என்று பாருங்கள்.

மாதக் கணக்கில் நிறுத்தி வைத்த காரில் பழைய பெட்ரோலும் சிக்கல் தரும். 2025இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டி விட்டதாக மத்திய அரசு அறிவித்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய கார்களின் ரப்பர் குழாய்களை அது பாதிக்கலாம். எனவே குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது.

அதிக பெட்ரோல்: பலமுறை செல்ஃப் அடித்ததில் பெட்ரோல் வாசனை வருகிறதா? பிளக் நனைந்திருக்கும். பத்து நிமிடம் விட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான எம்பிஎஃப்ஐ கார்களில் அப்படி மிதித்தால் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் உள்ளே விடும்.

தீப்பொறி: மலைப் பகுதியில் ஈரம்தான் முதல் எதிரி. பிளக் வயர்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார் என்றால் அதன் மூடிக்குள் பனிநீர் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த எதிரி எலி. தோட்டத்துப் பக்கம் நிற்கும் காரில் வயரைக் கடித்து வைப்பது சாதாரணம். பிளக் வயரை வெறும் கையில் பிடித்துச் சோதிக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான வோல்ட். ஸ்பார்க் டெஸ்டர் கடையில் கிடைக்கிறது.

திருட்டுத் தடுப்பு: இம்மொபிலைசர் உள்ள கார்களில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுமினுத்தால், சாவியை அது அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினில்தான் ஓடியது. ஆனால் ஆரம்பத்தில் கார்புரேட்டர், பிறகு எம்பிஎஃப்ஐ. எம்பிஎஃப்ஐ வந்ததும் ஈசிஎம் என்ற கம்ப்யூட்டரும் கூடவே வந்தது. சென்சார்களைப் படித்து, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று முடிவு செய்வது அதுதான். தவறு கண்டால் இன்ஜின் விளக்கைப் போட்டு, ஒரு எண்ணைக் குறித்து வைக்கும்.

அந்த எண்ணைப் படிக்கும் பொதுவான முறைதான் ஓபிடி-2. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். இந்தியாவில் ஓபிடி-1 2010 ஏப்ரலிலும், ஓபிடி-2 2013 ஏப்ரலிலும் வந்தன. உங்கள் கார் அதற்குப் பிந்தையது என்றால் ஸ்டியரிங் அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும். ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டரைச் செருகி, செல்போனில் ஒரு அப்ளிகேஷன் போட்டுக் கோடுகளைப் படிக்கலாம். அதற்கு முந்தைய கார்களில் இந்த அடாப்டர் பேசும் என்று உறுதியில்லை. வாங்கும் முன் விசாரித்து விடுங்கள்.

ஸ்டார்ட் ஆகாத காரில் அடிக்கடி பார்க்கும் கோடு பி0335. கிராங்க்ஷாஃப்ட் சென்சார் சர்க்யூட்டில் பிரச்சினை என்று பொருள். ‘சர்க்யூட்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சென்சார் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. வயர், கனெக்டர், சென்சார் மூன்றில் எதுவும் இருக்கலாம். கோடை முதலில் எழுதி வைத்துக் கொண்டு அழியுங்கள். திரும்பவும் வந்தால் மட்டும் பின்தொடருங்கள். பேட்டரி வோல்டேஜ் விழும்போது பொய்யான கோடுகளும் பதிவாகும்.

ஸ்கேனரை மட்டும் நம்பவும் வேண்டாம். எங்கள் எர்த் கேபிள் கோளாறுக்குக் கோடு என்று ஒன்று கிடையாது. செல்ஃப் சர்க்யூட்டின் அந்தத் தடிமனான கேபிளை எந்த சென்சாரும் பார்த்துக் கொண்டிருப்பதில்லை.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

மலையில் காரைச் சரிவில் நிறுத்தி, இரண்டாவது கியரில் விட்டு ஸ்டார்ட் செய்வது பழைய பழக்கம். கியர் மாற்றும் வகைக் கார்களில், செல்ஃப் மட்டும் கெட்டிருந்தால் இது வேலை செய்யும். ஈசிஎம் இயங்கக் கொஞ்சமாவது பேட்டரி வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்களில் முடியாது.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்குவம் கிடைக்காது. ஓரிரு முறை மிதித்ததும் பிரேக் கல் போல இறுகி விடும். சாவி ஆஃப் நிலையில் இருந்தால் ஸ்டியரிங்கும் பூட்டிக் கொள்ளும். சமதளத்தில் தள்ளிக் கொள்ளுங்கள். வளைவுள்ள சரிவில் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்வதென்றால் வரிசை முக்கியம். சிவப்புக் கேபிள் முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசியாக இறங்கிய காரின் இன்ஜின் உலோகத்தில். மாற்றிக் கொடுத்தால் ஈசிஎம் போய்விடும்.

கடைசியாக...

மெக்கானிக்கிடமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘ஸ்டார்ட் ஆகலைண்ணே’ என்று மட்டும் சொல்லாமல், ‘சாவியைத் திருப்பினா ஒரே ஒரு டக் சத்தம், ஹெட்லைட் மங்கலை, எர்த்ல நாலு வோல்ட் டிராப் ஆகுதுண்ணே’ என்று சொல்லிப் பாருங்கள். தேவையில்லாத பாகம் எதையும் உங்கள் தலையில் கட்ட யாருக்கும் மனம் வராது.

எங்கள் காரில் இப்போது மல்டிமீட்டர் நிரந்தரமாக இருக்கிறது. மாதம் ஒரு முறை இன்ஜின் எர்த்தை அளந்து ஒரு நோட்டில் குறிக்கிறேன். போன மாதம் 0.1 வோல்ட். மீட்டரை யார் பிடித்தாலும், சாவியைத் திருப்புவது மட்டும் அப்பாதான்.